பொது மருத்துவர்: ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பொது மருத்துவர் என்பவர் நோயாளியை முதலில் சந்திக்கும் மருத்துவர். அவருக்கென்று ஓர் உறுப்போ ஒரு நோயோ ஒதுக்கப்படுவதில்லை. காய்ச்சல், இருமல், முதுகுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு என எதனுடன் வந்தாலும் கேட்டு, சோதித்து, தம்மால் முடிந்ததைத் தாமே செய்து, முடியாததை உரிய இடத்துக்கு அனுப்புவது அவர் பணி. ஊர் வழக்கில் இவர் 'குடும்ப டாக்டர்' எனப்படுகிறார். திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து, வயதுவந்தோருக்கான முதல்நிலை மருத்துவத்தில் இவருடைய இடம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு சுருங்கியது, இன்று ஏன் மீண்டும் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

பெயரும் பொருளும்

தமிழ்நாட்டில் 'பொது மருத்துவம்' என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. மருத்துவமனைப் பலகையில் 'எம்.டி. பொது மருத்துவம்' என்றிருந்தால் அது அறுவை சிகிச்சை அல்லாத உள்நோய்களுக்கான மேற்படிப்பைக் குறிக்கும். அது ஒரு சிறப்புத் துறையே. இக்கட்டுரையில் பொது மருத்துவர் என்பது முதல்நிலை மருத்துவரைக் குறிக்கிறது. அவர் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவராக இருக்கலாம்; குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பெற்றவராகவும் இருக்கலாம்.

முதல்நிலை மருத்துவத்தின் இயல்புகளாக நான்கினை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. முதலாவது, நோயாளி எந்தப் பரிந்துரையும் இன்றி நேரே வரக்கூடிய இடமாக இருத்தல். இரண்டாவது, ஒரே மருத்துவர் ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தல். மூன்றாவது, உடலை முழுமையாகக் கருதுதல். நான்காவது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகும் சிகிச்சையை ஒருங்கிணைத்தல். இவற்றுள் இரண்டாவதே பெறுவதற்கு மிகக் கடினமானது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

வட்டாரம்

ஆர்.கே.பேட்டை, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், சோளிங்கர், பள்ளிப்பட்டு, திருத்தணி ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் உள்ளது. இராமகிருஷ்ணராஜுபேட்டை என்பதன் சுருக்கமே இப்பெயர். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற அண்டை ஊர்களைப் போலவே இங்கும் நெசவு முதன்மையான தொழில். கைத்தறி இருந்த வீடுகள் பலவற்றில் இன்று விசைத்தறி ஓடுகிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இது.

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் கீழ் இப்பகுதி இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஆந்திராவுடன் சென்றது. பின்னர் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. ஆக, 1953க்கும் 1997க்கும் இடைப்பட்ட 44 ஆண்டுகளில் இவ்வட்டாரத்தின் மாநிலமோ மாவட்டமோ மூன்று முறை மாறியிருக்கிறது. மாவட்டத் தலைநகரம் மாறும்போது அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் மாறும். ஆனால் நோயாளிகள் எல்லைக்கோட்டைப் பார்த்து மருத்துவரைத் தேடுவதில்லை. வேலூர், திருத்தணி, சென்னை என மூன்று திசைகளிலும் செல்லும் ஊர் இது.

எல்.எம்.பி. மருத்துவர்களின் காலம்

மதராஸ் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கப்பட்டு 1850இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலும் அரசுப் பணியிலும் இருந்தனர். சிற்றூர்களுக்குக் கிடைத்தவர்கள் மருத்துவப் பள்ளிகளில் குறுகிய படிப்பு முடித்து 'எல்.எம்.பி.' என்ற உரிமம் பெற்றவர்கள். 1914இல் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தபின் மேற்கத்திய மருத்துவம் படித்தவர்கள் பதிவேட்டில் இடம் பெற்றனர். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் அதற்கு வெளியே நின்றனர். அவர்களுடைய நிலையை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1920களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது.

அதே காலத்தில், பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை நாட்டுப்புறங்களுக்கு மானிய மருத்துவர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவர் ஒருவர் கிராமத்தில் குடியேறித் தனியாகத் தொழில் செய்வார். உள்ளாட்சி அமைப்பு ஆண்டு மானியமும் மருந்தும் தரும். அதற்கு ஈடாக அவர் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்க வேண்டும். அரசு ஊழியரும் அல்லாத, முழுத் தனியாரும் அல்லாத இம்மருத்துவர், தமிழ்ச் சிற்றூர் கண்ட பொது மருத்துவரின் தொடக்க வடிவங்களுள் ஒருவர். மருத்துவர் ஊரிலேயே வாழ வேண்டும் என்பதே இத்திட்டத்தின் கரு.

வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி அவர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்றார். குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். அங்கே நோயாளிகள் காத்திருப்பர். 'சாலையோர மருத்துவம்' என்று பெயர் பெற்ற இம்முறை, ஒரே இடத்துக்கு ஒரே நாளில் தவறாமல் செல்வதால்தான் பயன் தந்தது. 1918இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு முதலில் அளிக்கப்பட்டதும் எல்.எம்.பி. படிப்பே. 1942இல் அது பட்டப்படிப்புக்கு உயர்ந்தது.

போர் குழுவின் முடிவு

1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் நியமிக்கப்பட்ட சுகாதார ஆய்வுக் குழு 1946இல் அறிக்கை அளித்தது. சென்னையின் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். அன்றைய இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அவர்களுள் ஏறக்குறைய 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற உரிமம் பெற்றவர்கள். சராசரியாக 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்ற நிலை இருந்தது.

குழு இரண்டு முதன்மையான முடிவுகளை எடுத்தது. குறுகிய காலத் திட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைத்து, அதில் இரு மருத்துவர்களை அமர்த்த வேண்டும் என்றது. மேலும், இரு தர மருத்துவர்கள் இருக்கக்கூடாது; பட்டம் பெற்ற ஒரே 'அடிப்படை மருத்துவர்' போதும் என்றது. அவர் நோய் தீர்ப்பவராக மட்டுமின்றி, மக்களை நோயின்றி வாழ வழிநடத்தும் சமூக மருத்துவராகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்துவதில் உறுப்பினர்கள் சிலர் மாறுபட்டனர். கிராமங்களுக்குப் போதிய மருத்துவர்கள் கிடைக்கும்வரை அப்படிப்பு தேவை என்பது அவர்கள் கருத்து.

சென்னை மாகாணம் இப்பாதையில் முன்னரே நடந்திருந்தது. ராயபுரத்து மருத்துவப் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்துவிட்டது. படிப்பின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிற்றூரில் குடியிருந்த எல்.எம்.பி. டாக்டரின் இடத்தை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு அறிக்கை நம்பியது எம்.பி.பி.எஸ். படித்தவரையே. அந்த எம்.பி.பி.எஸ். மருத்துவர் பின்னாளில் தம் பட்டத்தை முடிவாகக் கருதாமல் மேற்படிப்புக்கான படியாகக் கருதுவார் என்பதை அன்று யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம்

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் பகுதியாக ஒன்றியந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. பிற்காலத்தில் சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாடு தழுவிய அளவுகோல் ஆயிற்று. ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தின் சிற்றூர்களுக்கும் அரசு மருத்துவர் இவ்வழியாகவே வந்தார்.

இந்நிலையங்கள் பெரிதும் தாய் சேய் நலம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தன. தமிழ்நாட்டில் பேறுகால இறப்பும் சிசு இறப்பும் குறைந்ததில் இவற்றின் பங்கு பெரிது. ஆனால் வயதுவந்த ஆண்களும், பிள்ளைப்பேறு கடந்த பெண்களும் இக்கணக்குகளில் இடம்பெறவில்லை. நாற்பது வயது நெசவாளி காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிச் செல்லலாம். அவர் பெயரில் தொடர்ச்சியான பதிவேடு எதுவும் இராது.

1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்நிலையங்களின் ஒரு பெருங்குறையைத் தீர்த்தது. மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகப் பிரித்தனுப்பும் முறை அது. பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. மருத்துவர் எழுதும் மருந்து அதே கூரையின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் என்ற உறுதியே நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சையைப் பின்னாளில் கிராமத்துக்குக் கொண்டுவர வழி செய்தது.

காசநோய் கற்றுத்தந்த பாடம்

முதல்நிலை மருத்துவத்தின் ஆற்றலைக் காட்டிய ஆய்வுகள் சில இம்மாவட்டத்தோடும் சென்னையோடும் தொடர்புடையவை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அமைந்தது. வீட்டில் தங்கி மருந்துண்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் அது ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெரிசலான வீட்டில், எளிய உணவுடன் இருந்தவர்களும் ஒழுங்காக மருந்துண்டால் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. பெரிய கட்டடத்தை விட, மருந்தை இடைவிடாமல் உண்ணச் செய்வதே முதன்மையானது என்பது உறுதியாயிற்று.

1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கான பணி நடந்தது. 3,60,000க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்த அவ்வாய்வு, வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை எனக் கண்டது. எனவே பெரியவர்களைப் பொறுத்தவரை, நோயை விரைந்து கண்டுபிடித்து முழுமையாக மருந்து தருவதே நம்பகமான வழியாக நின்றது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமுபவரிடம் சளிப் பரிசோதனைக்குச் சொல்லும் முதல் மருத்துவரின் கையில்தான் அது தொடங்குகிறது. 1999 முதல் இம்மாவட்டத்தின் ஒரு பகுதியில், நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக நடைபெற்று ஆராயப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

ஆலைத் தொழிலாளியும் தறி நெசவாளியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் இரு கோடிகளை ஒப்பிட்டால் முதல்நிலை மருத்துவம் தொழிலைப் பொறுத்து எவ்வாறு பிரிந்திருக்கிறது என்பது புரியும். கிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள ஆலைகளுக்கு 2025 வரை 1948ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் பொருந்தின. தொழிற்சாலைகள் சட்டத்தின்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறை இருக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தின்படி உருவான, வழக்கில் 'இ.எஸ்.ஐ.' எனப்படும் திட்டத்தில் தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்துவர். தொழிலாளியும் குடும்பமும் குறிப்பிட்ட மருந்தகத்தில் பதிவு செய்து மருத்துவம் பெறுவர். 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இத்திட்டம் சில ஆண்டுகளில் தமிழகத்துக்கும் வந்தது. பதிவு, தொடர்ச்சி, மேல்மருத்துவமனைக்குப் பரிந்துரை என்ற பிரிட்டிஷ் பொது மருத்துவர் முறையின் சாயல் இதில் உண்டு.

மேற்கே ஆர்.கே.பேட்டையில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொதுவாகப் பொருந்துவதால், இரண்டு மூன்று தறி ஓட்டும் குடும்பம் அதற்குள் வருவதில்லை. விசைத்தறியின் இரைச்சல் செவித்திறனைக் குறைக்கிறது. நாள் முழுதும் நிற்பதும் குனிவதும் முதுகையும் மூட்டையும் பாதிக்கின்றன. வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உண்பது எளிய வழியாகிவிடுகிறது. ஏற்கனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவருக்கு இவ்வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் இவ்வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள வேலூரில்தான் நடந்தது. அங்கே போக வேண்டிய நிலை வராமல் தடுப்பது, 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்கும் உள்ளூர் மருத்துவரின் ஒரு கேள்வியாக இருக்கலாம்.

தனியார் கிளினிக்கும் ஐந்து ரூபாய் டாக்டரும்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பின் தனியாகத் தொழில் செய்ய அனுமதி உண்டு. ஆகவே காலையில் அரசு நிலையத்தில் பார்த்த மருத்துவரையே மாலையில் கடைத்தெருக் கிளினிக்கில் பார்ப்பது சிற்றூர்களில் இயல்பு. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும் என்பதால் மாலைக் கிளினிக் நெசவாளிக்கு வசதியாகவும் இருந்தது.

குறைந்த கட்டணத்தில் தலைமுறைகளைப் பார்த்த மருத்துவர்கள் மக்கள் நினைவில் நிலைத்துள்ளனர். வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் தொழில் செய்து 2018 டிசம்பரில் மறைந்த மருத்துவர் ஜெயச்சந்திரனும், வியாசர்பாடியில் தொழில் செய்து 2020 ஆகஸ்டில் மறைந்த மருத்துவர் திருவேங்கடமும் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்றே அழைக்கப்பட்டனர். கட்டணம் குறைவு என்பது அவர்களுடைய புகழுக்கு ஒரு காரணம். ஒரே தெருவில் பல பத்தாண்டுகள் இருந்ததால், வந்தவரின் தந்தைக்கு என்ன நோய் இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது மற்றொன்று. இத்தகைய மருத்துவர் மறையும்போது அவருடைய நினைவிலிருந்த நோய் வரலாறுகளும் மறைகின்றன. கிளினிக்கை ஏற்க அடுத்தவர் வருவது அரிது. மருத்துவர் இல்லாத இடத்தில் மருந்துக் கடையும், சில இடங்களில் தகுதியற்ற போலி மருத்துவரும் நுழைவதற்கு இவ்வெற்றிடமே காரணம்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

தொற்றுநோய்க்கு மருத்துவரைச் சில முறை பார்த்தால் போதும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுதும் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் அறிகுறியின்றி வளர்பவை. 140/90 என்ற அளவைத் தொட்ட ஒரு முறை அளவீட்டை வைத்து முடிவு செய்யாமல், வேறு வேறு நாட்களில் அளந்து உறுதி செய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவரின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் சோதிக்க வேண்டும். இவற்றுக்குச் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. தவறாமல் செய்யும் ஒருவர் தேவை.

தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியுடன் தொற்றா நோய்த் திட்டத்தை 2007இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிவாக்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அளவெடுத்து, மருந்தையும் கொண்டு சேர்க்கின்றனர். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டில் கிடைக்கின்றன. தறியை விட்டு நகர முடியாதவருக்கு இது பேருதவி. ஆயினும் மருந்து வீட்டுக்கு வருவதும் மருத்துவர் நோயாளியை அறிவதும் ஒன்றல்ல. மருந்தின் அளவை மாற்றுவது, பக்க விளைவைக் கண்டறிவது, புதிய அறிகுறியைப் பொருட்படுத்துவது ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் வந்தே ஆக வேண்டும்.

மேற்படிப்பின் ஈர்ப்பு

1963இல் இந்திய மருத்துவச் சங்கம் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி அமைப்பைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தோற்றுவித்தது. 1978இல் அல்மா அட்டா மாநாடு முதல்நிலை மருத்துவமே அனைவர்க்கும் நலம் தரும் வழி என்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தொலைநிலை வழியில் குடும்ப மருத்துவப் படிப்பை நடத்துகிறது. எனினும் மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத் துறை இன்னும் அரிதாகவே உள்ளது. மாணவர் ஐந்தரை ஆண்டுகள் சிறப்புத் துறைப் பேராசிரியர்களிடமே பயில்கிறார். பொது மருத்துவர் ஒருவரை ஆசிரியராகக் காண்பதில்லை.

அரசுப் பணியில் உள்ளோருக்குப் பட்ட மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது தமிழகத்தின் நெடுநாள் கொள்கை. இளம் மருத்துவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வர இது பெரும் தூண்டுதல். நீட் முறைக்குப் பின் இது குறித்து எழுந்த வழக்கில், அத்தகைய ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு உரிமை உண்டு என 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கொள்கையால் கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்கிறார். அரசு மருத்துவமனைக்குச் சிறப்பு மருத்துவரும் கிடைக்கிறார். ஆனால் சில ஆண்டுகளில் இடம் கிடைத்ததும் அவர் புறப்பட்டுவிடுகிறார். நிலையம் காலியாக இருப்பதில்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

மதிப்பீடு

2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூரும் ஒன்று. சித்தூருக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்த மாவட்டத்துக்கு இது பெரிய மாற்றம். மருந்தும், ஊர்தியும், காப்பீடும், மருத்துவமனையும் முன்னைவிட அருகில் வந்துவிட்டன. இந்த ஒரு நூற்றாண்டு வரலாற்றில் குறைந்துபோனது, மானிய மருத்துவரிடமும் எல்.எம்.பி. டாக்டரிடமும் இருந்த ஒன்று: ஊரிலேயே தங்கி, அதே மக்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் தொடர்ச்சி.

அவர்களுடைய மருத்துவ அறிவு இன்றைய அளவில் மிகக் குறைவு. அவர்களுடைய மருந்துப் பெட்டியில் இருந்தவற்றுள் பல இன்று கைவிடப்பட்டவை. பழைய காலத்துக்குத் திரும்புவது தீர்வாகாது. ஆனால் நாட்பட்ட நோய்கள் மிகுந்த இக்காலத்தில், அன்றைய மருத்துவரின் இருப்பும் இன்றைய மருத்துவரின் அறிவும் ஒருவரிடமே சேர வேண்டியுள்ளது. அதற்குக் குடும்ப மருத்துவத்தைக் கல்லூரிகளில் ஒரு துறையாக்குவதும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நீடிப்பவருக்கு மேற்படிப்புக்குச் செல்பவருக்கு இணையான ஊதிய உயர்வும் மதிப்பும் தருவதும் தேவை. மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் 'நான் பொது மருத்துவராக இருக்கப்போகிறேன்' என்று சொன்னால், அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று அவரைக் கேட்காத நிலை வரும்போதுதான் போர் குழு எண்ணிய அடிப்படை மருத்துவர் ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களுக்குக் கிடைப்பார்.